ஒரு ஃபைலின் படத்தோடு இன்னொரு ஃபைலின் ஒலியைச் சேர்ப்பது எப்படி?

பழைய தமிழ்ப் படம் ஒன்றுக்கு உங்களிடம் இரண்டு பிரதிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, புதுப்பித்து வெளியிட்ட ப்ளூ-ரே. சேலைக் கரையின் வேலைப்பாடுகூடத் தெரியும் அளவுக்குப் படம் தெளிவு. ஆனால் அதில் இருப்பது இந்தி டப்பிங் ஒலி மட்டும். இன்னொன்று பழைய டிவிடி. படம் மங்கல், ஆனால் அசல் தமிழ் ஒலி அதில்தான் இருக்கிறது. ப்ளூ-ரேயின் படத்தையும் டிவிடியின் ஒலியையும் எடுத்து ஒரே ஃபைலாக்கிவிட்டால் என்ன?

தாராளமாகச் செய்யலாம். காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது சில நிமிட வேலை. உதடும் சொல்லும் பொருந்தும்படி சேர்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. புதிதாக முயல்கிற பலர் அங்கேதான் நொந்துபோய் விட்டுவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தப் பொருத்தத்தைப் பற்றியது.

முதலில் ஒரு சினிமா ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். எம்.கே.வி., எம்.பி.4, ஏ.வி.ஐ. என்று ஃபைல் பெயரின் கடைசியில் வருகிறதே, அவை படத்தின் வகையையோ ஒலியின் வகையையோ சொல்வதில்லை. அவை கன்டெய்னரின் பெயர்கள். கன்டெய்னருக்குள் வீடியோ ஒரு டிராக், ஆடியோ ஒரு டிராக், சப்டைட்டில் இருந்தால் அது ஒரு டிராக் என்று எல்லாம் தனித்தனியாகவே இருக்கின்றன. வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் முறை எச்.264 ஆகவோ எச்.265 ஆகவோ இருக்கலாம். ஆடியோவைச் சுருக்கிய முறை ஏ.ஏ.சி., ஏ.சி.3, டி.டி.எஸ். என்று ஏதோ ஒன்றாக இருக்கலாம். இந்தச் சுருக்கும் முறைகளுக்குத்தான் கோடெக் என்று பெயர்.

மல்லியையும் கனகாம்பரத்தையும் மாற்றி மாற்றித் தொடுத்த கதம்பச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைலுக்குள்ளும் கொஞ்சம் வீடியோ, கொஞ்சம் ஆடியோ, மறுபடி கொஞ்சம் வீடியோ என்று துண்டு துண்டாகத்தான் தொடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டின் மீதும் 'என்னை இந்த நேரத்தில் காட்டு', 'என்னை இந்த நேரத்தில் ஒலிக்கச் செய்' என்று ஒரு நேரக்குறி இருக்கும். வி.எல்.சி. போன்ற பிளேயர் அந்தக் குறிகளைப் படித்துத்தான் படத்தையும் ஒலியையும் சேர்த்து ஓட்டுகிறது. இப்படித் தொடுக்கும் வேலைக்கு மக்ஸிங் என்று பெயர். ஏற்கெனவே தொடுத்ததைப் பிரித்து, வேண்டியதை மட்டும் எடுத்து, மறுபடி தொடுப்பது ரீமக்ஸிங்.

ரீமக்ஸ் செய்யும்போது படத்தின் தரமும் ஒலியின் தரமும் துளியும் குறையாது. உள்ளே இருக்கும் தரவு அப்படியே நகர்கிறது, அவ்வளவுதான். பல ஜிபி ஃபைலாக இருந்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நேரமெல்லாம் ஹார்ட் டிஸ்க் படித்து எழுதுவதற்குத்தான். ஆனால் 'வீடியோ கன்வர்ட்டர்' என்ற பெயரில் கிடைக்கும் பல மென்பொருள்கள் வீடியோவை முழுவதும் விரித்து மறுபடி சுருக்குகின்றன. அது ரீஎன்கோடிங். மணிக்கணக்கில் ஓடும், தரமும் இறங்கும். ஒலியை மட்டும் மாற்றுவதற்கு வீடியோவை ரீஎன்கோட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. எந்த மென்பொருளாவது பத்து நிமிட வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்று காட்டினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படமும் ஒலியும் தனித்தனியாக இருப்பது கணினி வந்த பிறகு ஏற்பட்ட வழக்கமும் அல்ல. படப்பிடிப்பில் கேமரா படத்தைப் பிடிக்கும், ஒலியை வேறொரு கருவி பதிவு செய்யும். பின்னால் இரண்டையும் பொருத்தத்தான் கிளாப் பலகையைத் தட்டுகிறார்கள். 35 எம்.எம். பிரிண்டிலும் ஒரு காட்சிக்கான ஒலி அந்தக் காட்சிக்குப் பக்கத்திலேயே இருக்காது; சுமார் 20 பிரேம், அதாவது பிலிமில் உள்ள 20 தனிப்படங்கள், தள்ளி அச்சாகியிருக்கும். புரொஜெக்டரில் படத்தைக் காட்டும் இடமும் ஒலியைப் படிக்கும் இடமும் வேறு வேறு என்பதே காரணம். 1993-ல் தியேட்டர்களுக்கு வந்த டி.டி.எஸ். இன்னும் ஒரு படி மேலே போனது. பிலிமில் நேரக்குறி மட்டும். ஒலி முழுவதும் தனி சிடி-ராம் தட்டில். இன்று ஓ.டி.டி. தளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தைத் தமிழிலிருந்து தெலுங்குக்கு ஒரே தட்டலில் மாற்ற முடிவதும், வீடியோ ஒரு பக்கமும் ஒவ்வொரு மொழி ஒலியும் வேறு பக்கமுமாக வந்து உங்கள் கருவியில் சேர்வதால்தான்.

ஏன் பொருந்துவதில்லை?

ஒரே படம்தானே, இரண்டு பிரதிகளும் நொடி பிசகாமல் ஒத்துப்போக வேண்டாமா என்று தோன்றும். அப்படி ஒத்துப்போவது அபூர்வம். பிசகு மூன்று விதமாக வரும். உங்களுடையது எந்த விதம் என்று தெரியாமல் எந்த பட்டனையும் அழுத்தாதீர்கள். நோய் தெரிந்துவிட்டால் மருந்து சுலபம்.

முதலாவது, நிலையான பிசகு. தொடக்கத்தில் ஒலி 11 நொடி முந்தினால் கடைசிக் காட்சியிலும் அதே 11 நொடிதான் முந்தும். ஒரு பிரதியின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் வெளியீட்டு நிறுவனத்தின் லோகோ கூடுதலாக ஓடும். இதுதான் மிக எளிய வகை.

இரண்டாவது, போகப் போக வளரும் பிசகு. தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் நாயகி வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருப்பார். இதற்குக் காரணம் ஓட்ட வேகம். சினிமா நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் எடுக்கப்படுகிறது. ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருந்த பால் (PAL) தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 பிரேம் கேட்டது. அதற்கு எளிய வழியாகப் படத்தையே கொஞ்சம் வேகமாக, 25 பிரேமில் ஓட்டிப் பதிவு செய்துகொண்டார்கள். விளைவு, இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலியும் 4 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். அரைக் கட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. கேசட்டில் கேட்டுப் பழகிய பாட்டு இப்படிப்பட்ட பிரதியில் சற்றே மேல் சுருதியில் ஒலிப்பதற்கு இதுவே காரணம். ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்தால் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ நிற்கும்.

இதைவிடத் தந்திரமானது 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்கக் கலர் தொலைக்காட்சி முறையின் கணக்கால் வந்த எண் அது. துல்லியமாகச் சொன்னால் 24,000-ஐ 1,001-ஆல் வகுத்தால் வருவது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் மணிக்கு 3.6 நொடி, இரண்டரை மணி நேரப் படத்தில் 9 நொடி. முதல் ஒரு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று முடிவு செய்தால் இதில் ஏமாந்துவிடுவோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிரேம் எண்ணிக்கை வேறாக இருந்தாலே ஒலி பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அமெரிக்க முறையிலான என்.டி.எஸ்.சி. டிவிடி நொடிக்கு 29.97 பிரேம் என்று காட்டும். ஆனால் அதில் படத்தின் வேகத்தைக் கூட்டவில்லை. சில பிரேம்களின் பாதி வரிகளை இரண்டாம் முறையும் காட்டி எண்ணிக்கையை நிரப்பியிருக்கிறார்கள். படம் ஓடும் மொத்த நேரம் மாறுவதில்லை. அதன் ஒலி 23.976 பிரேம் ப்ளூ-ரேயோடு அப்படியே போகும். எனவே பிரேம் எண்ணிக்கையைவிட மொத்த ஓட்ட நேரத்தைப் பாருங்கள். மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் இரண்டுமே தெரியும்.

மூன்றாவது, இடையில் குதிக்கும் பிசகு. முக்கால் மணி நேரம் சரியாக ஓடி, திடீரென்று 20 நொடி விலகி, பிறகு அந்த 20 நொடியிலேயே நிற்கும். நம் ஊர்ப் படங்களில் இதற்கு வாய்ப்பு மிக அதிகம். இடைவேளை அட்டை ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் வெட்டப்பட்டிருக்கும். புகையிலை எச்சரிக்கைக் காட்சி தொடக்கத்திலும் நடுவிலும் சேர்க்கப்பட்டிருக்கும். தொலைக்காட்சிக்காகச் சண்டைக் காட்சியைக் குறைத்திருப்பார்கள். பழைய பிரிண்டில் ரீல் முடியும் இடங்களில் சில பிரேம்கள் கிழிந்தே போயிருக்கும்.

எவ்வளவு பிசகு கண்ணில் படும்?

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி. 1359 பரிந்துரை இதற்கு ஒரு கணக்குத் தருகிறது. ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே பார்வையாளர் கவனித்துவிடுவார். பிந்தினால் 125 மில்லி நொடி வரை தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆற்றின் அக்கரையில் 34 மீட்டர் தள்ளித் துணி துவைப்பவர் கல்லில் அடிக்கும் சத்தம், அடித்ததைப் பார்த்து நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்துத்தான் நமக்குக் கேட்கும். பிந்தி வரும் ஒலிக்கு நம் மூளை பழகியிருக்கிறது. அடி விழுவதற்கு முன்பே சத்தம் வருவதை அது எங்கும் கண்டதில்லை. ஆகவே இழுபறியாக இருந்தால் ஒலி ஒரு பிரேம் அளவு, அதாவது சுமார் 42 மில்லி நொடி, பிந்தும் பக்கமே வையுங்கள்.

பிசகை அளப்பது

வாயசைப்பைப் பார்த்தே ஓரளவு அளந்துவிடலாம். தமிழில் அதற்கு வசதியான எழுத்துகள் ப, ம வரிசை. 'அம்மா' என்று சொல்லும்போது உதடுகள் முழுவதுமாக மூடித் திறந்தே ஆகவேண்டும். முகம் நெருக்கமாகத் தெரியும் காட்சியில் பிளேயரை நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினால் உதடு திறக்கும் பிரேம் எது என்று சொல்லிவிடலாம். வி.எல்.சி.யில் ஜே, கே விசைகளை அழுத்தி ஒலியை 50 மில்லி நொடி வீதம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். சிறிய பிசகைச் சரிபார்க்க அது போதும்.

ஆனால் நான் பரிந்துரைப்பது இதைவிட உறுதியான வழி. ப்ளூ-ரேயில் இந்தி ஒலி இருக்கிறது அல்லவா, அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். டப்பிங்கில் வசனம்தான் மாறும். பின்னணி இசை, கதவுச் சத்தம், குதிரைக் குளம்பொலி பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இந்தி ஒலியை மேலேயும் தமிழ் ஒலியை கீழேயும் திறந்தால் இரண்டின் அலைவடிவமும் அடுத்தடுத்துத் தெரியும். நேரடியாகப் படத்தின் ஃபைலையே திறக்க வேண்டுமானால் எஃப்.எஃப்.எம்பெக் என்ற துணை மென்பொருளையும் நிறுவியிருக்க வேண்டும். கதவு அறைவது, துப்பாக்கி வெடிப்பது, பாத்திரம் விழுவது போன்ற கூர்மையான ஒலி எதையாவது இரண்டிலும் தேடிப்பிடியுங்கள். அலைவடிவத்தில் அது செங்குத்தாக எழுந்து நிற்கும். பெரிதாக்கிப் பார்த்து இரண்டு டிராக்கிலும் அது நிகழும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் தொடக்கத்தில் ஒன்று, கிளைமாக்ஸ் பக்கத்தில் ஒன்று.

கற்பனையாக ஒரு கணக்கு. முதல் கதவுச் சத்தம் ப்ளூ-ரேயில் 134.32-வது நொடியில் வருகிறது, டிவிடியில் 122.82-வது நொடியில். வித்தியாசம் 11.5 நொடி. கிளைமாக்ஸ் வெடிச் சத்தம் ப்ளூ-ரேயில் 8534.32, டிவிடியில் 8522.82 என்றால் வித்தியாசம் அதே 11.5. நிம்மதி; இது முதல் வகை. தமிழ் ஒலியை 11,500 மில்லி நொடி தாமதப்படுத்தினால் முடிந்தது.

ஆனால் டிவிடியில் வெடிச் சத்தம் 8186.82-ல் வருகிறது என்று வையுங்கள். இப்போது இரண்டு சத்தங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பாருங்கள். ப்ளூ-ரேயில் 8400 நொடி, டிவிடியில் 8064 நொடி. 8400-ஐ 8064-ஆல் வகுத்தால் 1.0417. இது 25-ஐ 24-ஆல் வகுத்தால் வரும் அதே எண். ஆக, டிவிடி பால் முறையில் வேகமாக ஓட்டப்பட்ட பிரதி. இந்த வகுத்தலில் வர வாய்ப்புள்ள எண்கள் மிகச் சிலவே: 1.0010, 1.0417, 1.0427, அல்லது திசை மாறினால் அவற்றின் தலைகீழ். கடைசி எண் 25-க்கும் 23.976-க்கும் உள்ள விகிதம். இந்த எண்களில் எதற்கும் பக்கத்தில் வராமல் 1.003, 1.012 என்று ஏதாவது வந்தால் வேகத்தை மாற்றப் போகாதீர்கள். எங்கோ காட்சி வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் இன்னும் நாலைந்து இடங்களில் அளந்தால் வித்தியாசம் எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குதிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் வெட்டு விழுந்த காட்சியே அகப்படும்.

சரிசெய்வது

முதல் வகைக்கு ஒலியைத் தொடவே வேண்டாம். எம்.கே.வி. டூல்நிக்ஸ் மென்பொருளில் இரண்டு ஃபைல்களையும் இழுத்துப் போடுங்கள். உள்ளே இருக்கும் டிராக்குகள் எல்லாம் பட்டியலாக வரும். ப்ளூ-ரேயின் வீடியோவில் டிக் இருக்கட்டும். டிவிடியின் வீடியோவில் டிக்கை எடுத்துவிடுங்கள். தமிழ் ஆடியோவைத் தேர்ந்தெடுத்தால் வலது பக்கத்தில் 'டிலே' என்று ஒரு கட்டம் தெரியும். அங்கே 11500 என்று போடுங்கள். ஒலி பிந்த வேண்டுமானால் வெறும் எண், முந்த வேண்டுமானால் முன்னால் கழித்தல் குறி. பிறகு 'ஸ்டார்ட் மல்டிபிளெக்சிங்'. அவ்வளவுதான். இந்தி ஒலியை நீக்குவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம், எம்.கே.வி.யில் எத்தனை ஒலி டிராக் வேண்டுமானாலும் இருக்கலாம். 448 கிலோபிட் ஏ.சி.3 டிராக் ஒன்று இரண்டரை மணி நேரத்துக்குச் சுமார் 500 எம்பிதான் பிடிக்கும்.

அதே கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'ஸ்ட்ரெச்' என்று இன்னொன்று இருக்கும். வேக வித்தியாசத்தை அதில் சரிசெய்யலாமே என்று கை பரபரக்கும். அது நேரக்குறிகளை மட்டும்தான் நீட்டும். சப்டைட்டிலுக்கு அருமையாக வேலை செய்யும். ஒலிக்கு அது ஆகாது.

இரண்டாம் வகைக்கு ஆடாசிட்டியில் வேகத்தை மாற்ற வேண்டும். அங்கே இரண்டு வசதிகள் உண்டு. 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' வேகத்தோடு சுருதியையும் இறக்கும். 'சேஞ்ச் டெம்போ' சுருதியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும். பால் முறையில் ஏறிய சுருதியை அதன் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பதால் பெரும்பாலும் முதலாவதே சரி, 0.96 என்று கொடுங்கள். ப்ளூ-ரே 23.976 என்றால் 0.95904. டிவிடி தயாரித்தவர்கள் ஏற்கெனவே சுருதியைச் சரிசெய்திருந்தால் மட்டும் இரண்டாவது. எது என்று தெரிந்துகொள்ள, படத்தின் பாட்டு ஒன்றை இசைத்தட்டுப் பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். இந்த ஒரு படியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பாடகர் பாடிய சுருதியில் பாட்டு ஒலிக்க வேண்டும்.

வேகத்தை மாற்றிய பிறகுதான் தாமதத்தைக் கணக்கிட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 122.82-வது நொடியில் இருந்த கதவுச் சத்தம், ஒலி மெதுவானதும் 127.94-க்குப் போய்விடும். ஆகவே தேவையான தாமதம் 11.5 அல்ல, 6.38 நொடி. வரிசையை மாற்றிச் செய்தால் எல்லாம் தப்பும்.

மூன்றாம் வகைக்குப் பொறுமை வேண்டும். ஒலியில் கூடுதலாக இருப்பதை வெட்டி, குறைவாக இருக்கும் இடத்தில் அமைதியையோ இந்தி டிராக்கின் இசையையோ வைத்து நிரப்ப வேண்டும். வெட்டும் இடத்தை வசனமோ இசையோ இல்லாத நொடியில் தேர்ந்தெடுங்கள். ஆடாசிட்டியில் திருத்திய ஒலியை ஃபிளாக் வடிவில் சேமித்தால் மறுபடி சுருக்குவதால் வரும் இழப்பு இருக்காது. உங்கள் டிவி ஃபிளாக்கை ஏற்காவிட்டால் 640 கிலோபிட் ஏ.சி.3.

புதுப்பித்த பிரதிகளில் பழைய மோனோவை, அதாவது ஒற்றைத் தட ஒலியை, எடுத்துவிட்டு, புதிய சத்தங்களையெல்லாம் சேர்த்து, பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலி செய்து வைப்பதும் உண்டு. அதைக் கேட்கப் பிடித்தால் கேளுங்கள். ஆனால் அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர் எந்தச் சத்தத்தை எவ்வளவு வைத்தாரோ அது மோனோவில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஃபைலில் இரண்டு டிராக்காக வைத்துக்கொள்வதே என் வழக்கம். வி.எல்.சி.யில் பி விசையை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். டிராக்கின் மொழிக் கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்து, அதையே இயல்பான டிராக்காகவும் குறித்துவிட்டால் படம் திறந்ததும் தமிழ்தான் பேசும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படிச் செய்த ஃபைலை ஊருக்கெல்லாம் பகிர்வது பதிப்புரிமை மீறல். உரிமையை மீறும் நோக்கத்தோடு வட்டின் நகல் பூட்டை உடைப்பதை, 2012 திருத்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு குற்றமாக்குகிறது. உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ, நீங்களே கேமராவிலும் தனி ரெக்கார்டரிலும் பதிவு செய்த கச்சேரி போன்றவற்றில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மேலே சொன்ன அளவெடுப்பு அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

கைபழக ஒரு நல்ல படம் வேண்டுமென்றால் பிளெண்டர் அறக்கட்டளை 2010-ல் வெளியிட்ட 'சின்டெல்' இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானதால் யாரும் இறக்கிக்கொண்டு மாற்றலாம். 14 நிமிடம் 48 நொடி, 24 பிரேம். அதன் ஒலியைத் தனியே எடுத்து, ஆடாசிட்டியில் 1.0417 மடங்கு வேகமாக்குங்கள். 14 நிமிடம் 12 நொடிக்குச் சுருங்கிவிடும். முன்னாலிருந்து ஐந்தாறு நொடியை வெட்டி எறியுங்கள். அந்தக் கெடுத்த ஒலியை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, எவ்வளவு வெட்டினீர்கள் என்பது மறந்த பிறகு எடுத்து, இரண்டு கூர்மையான சத்தங்களை அளந்து, விகிதம் கண்டுபிடித்து, படத்தோடு மறுபடி பொருத்திப் பாருங்கள். சரியாக அளந்திருந்தால் வகுத்தலில் 1.0417 வரும். ஒலியைப் பொருத்திய பிறகு அசல் டிராக்கையும் ஆடாசிட்டியில் மேலே திறந்து வையுங்கள். இரண்டு அலைவடிவங்களின் முனைகளும் கடைசிக் காட்சி வரை நேருக்கு நேர் நிற்க வேண்டும்.